மழை குடிக்காத மீன் எரு

ஆகஸ்ட் 3, திங்கள்

வெயில். காற்று செத்துக் கிடக்கிறது. துறைமுகத்து நிலக்கரித் தூள் ஜன்னல் விளிம்பில் விரல் கனம். துடைக்கச் சொல்ல வேண்டும்.

கல்வி இலாகாவிலிருந்து கடிதம். 22-ஆம் தேதி சனிக்கிழமை இன்ஸ்பெக்டர் துரைசாணி வருகிறாள், நம் பெண்கள் பள்ளியை ஹைஸ்கூல் ஆக்கலாமா என்று பார்த்துப் போக. பள்ளிக் கமிட்டிக் காரியதரிசி கடிதத்தை மூன்று முறை வாசித்தார். வகுப்பறைகளைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. புல்தரையில் தேநீர், வெள்ளை மேஜை விரிப்பு, பெண்கள் வட்டமாக நின்று பாட்டு.

"புல்லு பச்சையா இருக்கணும்மா. அவங்களுக்கு அதுதான் கண்ணுல படும்."

நாற்பது அடிக்கு அறுபது அடி. இராயபுரத்து மணலில் அருகம்புல்லை இப்படி விரித்து வைத்திருப்பதே ஒரு வீம்பு. இரண்டாம் கிளாஸில் கூரை ஒழுகுகிறது, அதை யாரும் பச்சையாக்கச் சொல்லவில்லை.

மாலை நடந்து பார்த்தேன். அங்கங்கே மஞ்சள். பசி என்று முடிவு கட்டினேன். இலை வெளிறினால் உரம் போதவில்லை. தலைமை ஆசிரியை, பி.ஏ., அதிலும் தாவரவியல். இருபது வருஷமாகியும் அந்தக் கர்வம் இறங்கவில்லை. அலமாரியிலிருந்து தோட்டப் புத்தகத்தை எடுத்தேன். லண்டன் பதிப்பு. மீன் உரம் விசேஷம் என்கிறது. புதிதாகவே போடலாம், பதினைந்து நாளில் பலன் தெரியும் என்கிறது. மீனுக்கு இந்த ஊரில் எங்கும் அலைய வேண்டாம்.

நாளைக்கு: சாக்பீஸ். கூரைக்கு ஆள். பல் வைத்தியர். ஒரு வண்டி மீன் எரு.

ஆகஸ்ட் 5, புதன்

வண்டி வந்தது. கடற்கரைக் கருவாட்டுக் கொட்டகைக் கழிவு. தலை, குடல், செதிள், பெயர் தெரியாத ஒரு கூழ். வண்டிக்கு மேலே காகம், பின்னால் தெருப் பூனைகள் எல்லாம். நாலாம் கிளாஸ் முழுவதும் மூக்கைப் பொத்திக்கொண்டு ஏழாம் வாய்ப்பாடு சொன்னது. எனக்குக் குமட்டியது. குமட்டாதது போல் நின்றேன்.

கன்னியம்மா வண்டியைச் சுற்றி வந்தாள். பன்னிரண்டு வருஷமாக இங்கே தோட்டக்காரி, பின்பக்கத்துக் கொட்டகையில் குடியிருப்பு. ஒரு மீன் தலையை எடுத்து முகர்ந்தாள். பிறகு நாக்கில் வைத்தாள். என் உடம்பு கூசியது.

"இது இன்னும் மழ குடிக்கலமா."

என்னவென்று கேட்டேன். மீன் எருவைக் கொல்லை மூலையில் கொட்டி ஒரு மழைக்காலம் முழுக்க நனையவிடுவார்களாம். மழை குடித்த பிறகுதான் செடிக்கு. மூலக்கொத்தளத்தில் அவள் அப்பன் தென்னைக்கு அப்படித்தான் போட்டானாம்.

மழைக்கு இன்னும் இரண்டு மாதம். துரைசாணிக்குப் பதினேழு நாள். புத்தகத்தைத் திறந்து காட்டினேன். எழுத்துத் தெரியாதவளிடம், அதிலும் இங்கிலீஷ் புத்தகத்தை.

"புஸ்தகத்துல போட்டு கீதுன்னா சரி. நான் இன்னாத்த கண்டேன். எனுக்கு மனசு ஒப்பல, அவ்ளோதான்."

கொட்டு என்றேன். கூடை கூடையாக வாரி இறைத்தாள். நல்ல கை வீச்சு. நின்று ரசித்தேன்.

ஆகஸ்ட் 7, வெள்ளி

ஈ. மேஜையில், மைக்கூட்டில், ரிஜிஸ்டரில், குழம்பில். இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை. தலைக்குச் சீயக்காய் இரண்டு தடவை. போகவில்லை.

காரியதரிசி (கா. என்றே எழுதுகிறேன், முழுதாக எழுதக் கை வலிக்கிறது) அடுத்த வீட்டிலிருந்து ஆள் அனுப்பி, நாற்றம் எப்போது தீரும் என்று கேட்டார். அவருடைய நாய்க்கு மட்டும் பரம சந்தோஷம். தினமும் மாலையில் அதை நடத்திக் கூட்டி வருவது எங்கள் புல்தரைக்குத்தான். இன்று குடல் குவியலில் புரண்டு எழுந்தது. "டைகர், டைகர்" என்று கொஞ்சினார். இந்த மனிதர் வீட்டில் நாற்காலியில் உட்கார யோசிக்க வேண்டும்.

கன்னியம்மாவின் மகள் முனியம்மா பிரசவத்துக்கு வியாசர்பாடியிலிருந்து தாய்வீடு வந்திருக்கிறாள். தலைச்சன். ஒன்பதாம் மாதம். புருஷனுக்கு ரயில்வேயில் கூலி வேலை. அந்த நாற்றத்திலும் கொட்டகை வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். என்னைக் கண்டு எழுந்திருக்கப் பார்த்தாள். வேண்டாம் என்று கை காட்டினேன். மூக்கைப் பொத்தியிருந்த கை.

ஆகஸ்ட் 10, திங்கள்

புல் செத்துவிட்டது.

மஞ்சள்கூட இல்லை, பழுப்பு. கன்னியம்மாவின் கை வீச்சு எப்படியோ அப்படியே, அரை வட்டம் அரை வட்டமாகக் கருகியிருக்கிறது. இலை நுனியில் தொடங்கி உள்ளே இறங்கியிருக்கிறது. மண்மேல் வெள்ளைப் பூப்பு. தொட்டு நாக்கில் வைத்தேன்.

உப்பு. கருவாட்டு உப்பு. கருவாட்டுக் கொட்டகையில் மீனையும் உப்பையும் மாற்றி மாற்றி அடுக்குகிறார்கள். கழிவில் பாதி அதுதான். மழை குடிப்பது என்றால் உப்பு கழுவிப் போவது. அவள் நாக்கில் வைத்த நிமிஷமே தெரிந்துகொண்டாள். எனக்கு ஐந்து நாள் பிடித்தது. எப்போதும் மழை பெய்கிற ஊரில் உட்கார்ந்து புத்தகம் எழுதியவன், மழைக்குக் காத்திரு என்று ஏன் எழுதப் போகிறான்.

போன வருஷம் சத்தியாக்கிரகத்தில் ஊரெல்லாம் உப்புக்காக அடி வாங்கியது. நான் அடி வாங்காமலே ஒரு வண்டி உப்பைப் பள்ளிக்கூட வாசலில் கொட்டினேன்.

மாலை கா. வந்து பார்த்தார். குரலை உயர்த்தவில்லை. தோட்டக்காரி சோம்பேறி, தண்ணீரே விடவில்லை, ஆளை மாற்றியாக வேண்டும் என்றார். நான் வாயைத் திறந்தேன். "தண்ணீர் விட்டாள். மண்ணில் உப்பு ஏறியிருக்கிறது" என்றேன். யார் ஏற்றியது என்று சொல்லவில்லை. சொல்லத்தான் வாயைத் திறந்தேன். மூடிவிட்டேன்.

நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே டைகர் காலைத் தூக்கியது. இருவரும் பார்த்தோம். இருவரும் பார்க்கவில்லை.

ஆகஸ்ட் 11, செவ்வாய்

விடிந்ததும் தனியாகப் போய் மண்டியிட்டுப் பார்த்தேன். 3-ஆம் தேதி செய்திருக்க வேண்டியது. எரு விழாத இடங்களில் பழைய மஞ்சள் அப்படியே இருக்கிறது. அது ஒரே மஞ்சள் இல்லை.

நடுவில், நீள் சதுரமாக, சீரான வெளிர் மஞ்சள். ஜூலைக் கூட்டத்துக்கு விரித்த ஜமக்காளத்தை ஐந்து நாள் எடுக்காமல் விட்டோம். வெளிச்சப் பட்டினி. ஒன்றும் செய்ய வேண்டாம், அடியில் இப்போதே பச்சை விடுகிறது.

கட்டட ஓரம், நுனி மட்டும் வெள்ளை, நார் நாராக. புல்வெட்டும் யந்திரத்தின் கத்தி மழுங்கல். வெட்டவில்லை, பிய்த்திருக்கிறது. சாணை பிடிக்க வேண்டும். மொட்டையும் அடிக்கக்கூடாது, இரண்டு விரல் உயரமாவது விட வேண்டும். ஒட்ட வெட்டச் சொன்னது கா.

வாசல் பக்கம், சாப்பாட்டுத் தட்டு அகலத்தில் வட்டங்கள். நடுவில் வைக்கோல் நிறம், விளிம்பில் கரும்பச்சை. டைகர். அப்போதைக்கப்போது ஒரு குடம் நல்ல தண்ணீர் ஊற்றினால் பிழைக்கும். நாயை வேறு எங்காவது நடக்கவிட்டால் குடமும் வேண்டாம்.

ஒன்றுக்குக்கூட உரம் தேவைப்படவில்லை. ஒன்றுகூடப் பசி இல்லை.

நாலாவது நான் செய்தது. அதற்கு வைத்தியம்: எருவைச் சுரண்டி எடுக்க வேண்டும். கடப்பாரையால் துளை போட்டு, நல்ல தண்ணீரை ஊற்றி ஊற்றி உப்பைக் கீழே இறக்க வேண்டும். பிறகு மாத்தூர்ப் பக்கத்து ஏரி வண்டல் பரப்பி, அருகைக் கணு கணுவாக நட வேண்டும். இரண்டு மாதம் ஆகும். கிணறு ஆகாது, கடல் கலந்த தண்ணீர். குழாய் காலையில் இரண்டு மணி நேரம்தான். அதைப் புல்லுக்கு வீணாக்கக்கூடாதென்று கா.வின் உத்தரவு வேறு.

மதியம் அவரிடமிருந்து சீட்டு. வெள்ளிக்கிழமை கமிட்டி. தோட்டக்காரியை நீக்கும் தீர்மானம். மாதக் கடைசிக்குள் கொட்டகையைக் காலி செய்ய வேண்டும். சீட்டை மடித்து வாய்ப்பாட்டுப் புத்தகத்துக்குள் வைத்தேன். பிறகு எடுத்து மறுபடி வாசித்தேன். என் பெயர் எங்கும் இல்லை.

ஆகஸ்ட் 12, புதன்

பல் வைத்தியரிடம் போகவில்லை. வலி இருக்கட்டும்.

இடைவேளையில் தையல் டீச்சர், என் காதுபடவே:

"உப்பாம். தோட்டக்காரி பொண்ணு புள்ளத்தாச்சி இல்லையா, தெனம் உப்பு சுத்திக் கரைச்சுப் புல்லுல கொட்டியிருக்கா. காரியதரிசியே சொன்னார்."

மற்ற டீச்சர்கள் உச்சுக் கொட்டினார்கள். திருஷ்டி கழிக்கிற ஒரு பிடி உப்பு நாற்பதுக்கு அறுபது அடியை எரிக்குமா என்று ஒருத்தி கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. திங்கட்கிழமை அவரிடம் நான் போட்ட அந்த ஒரு சொல். பாதி உண்மையை நான் வெட்டிக் கொடுத்தேன், மீதியை இவர்கள் தைத்துக்கொண்டார்கள். முழுப் பொய் சொல்லியிருந்தால்கூட அவளுக்கு இவ்வளவு கெடுதல் வந்திருக்காது. இப்போது அவள் சோம்பேறி மட்டுமல்ல, செய்வினைக்காரியும்.

மாலை புல்தரைக்குப் போனேன். கன்னியம்மா குந்தி உட்கார்ந்து தேங்காய்ச் சிரட்டையால் எருவைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். போகச் சொல்லப் போகிறார்கள் என்று தெரிந்த பிறகும். நிமிராமலே பேசினாள்.

"நான் எங்கனா போய்ப் பொழச்சிக்குவேன். பொண்ணுதான் பேஜாரு. அவ மாமியா வூட்ல எடம் கீது. ஆனா அந்தப் பொம்பள கைல இவள உட்டா தண்ணிகூட குடுக்காது."

நான் நின்றேன். சிரட்டை மண்ணில் கரகரவென்று.

"கொட்டுன்னு நீதான் சொன்னன்னு நான் யாராண்டயும் சொல்லலமா."

மிரட்டல் இல்லை. மிரட்டலாக இருந்திருந்தால் கோபித்துக்கொண்டு தப்பித்திருப்பேன். எனக்குத் தருகிற சலுகை அது. ஈ மொய்க்கிறது, முகத்தை மூடிக்கொள் என்றேன். இதையும் சொல்லிவிட்டு உள்ளே வந்து காபி குடித்தேன்.

ஆகஸ்ட் 13, வியாழன்

கமிட்டிக்குக் கடிதம். நான்கு முறை எழுதிக் கிழித்தேன். முதலாவதில் "தவறு நேர்ந்துவிட்டது". யாருக்கு நேர்ந்தது? இரண்டாவதில் "புத்தகத்தின் ஆலோசனைப்படி". மூன்றாவதில் "பள்ளியின் நன்மையை உத்தேசித்து" என்று இரண்டு இடத்தில். நாலாவது நன்றாக வந்தது. அதனாலேயே கிழித்தேன்.

பயம் இது: ஹைஸ்கூல் ஆனால் அதற்கு நான் தலைமை. இருபது வருஷம் இதற்காக இருந்தேன். வேறு எதற்கும் இருக்கவில்லை. கல்யாணத்துக்கு இல்லை, அம்மா சாகும்போது ஊரில் இல்லை. புல்லைக் கொன்றவளை ஹைஸ்கூலுக்கு வைப்பார்களா?

எதிர்த் தட்டில் ஒரு கொட்டகை. தாழ்வான கூரை, ஒரு கயிற்றுக் கட்டில். எடை போட்டுப் பார்க்கிறேன் பார், அதுதான் அருவருப்பு.

நாளை வாயால் சொல்லிவிடுவேன்.

ஆகஸ்ட் 14, வெள்ளி

சொன்னேன்.

ஐந்து ஆண்கள், நான், ஒரு தட்டு பஜ்ஜி. தீர்மானத்தை வாசித்ததும் எழுந்தேன். எருவை வரவழைத்தது நான், அதில் உப்பு இருந்தது, அவள் வேண்டாம் என்றாள், நான் கேட்கவில்லை என்றேன். கா. சிரித்தார், அன்பாக.

"தோட்டக்காரியக் காப்பாத்தணும்னு பழியத் தூக்கி உங்க தலைமேல போட்டுக்கிடுதீங்க. இந்த மனசு யாருக்கும்மா வரும்."

மற்றவர்கள் தலையாட்டினார்கள். மறுபடி சொன்னேன், வண்டி வந்த தேதியோடு. மறுபடி சிரித்தார்கள். படித்தவளுக்கு உரம் தெரியாதா, தெரியாமல் போனது போல் பேசுவது எவ்வளவு பெரிய குணம் என்று ஒருவர் விளக்கினார். மூன்றாம் முறை சொல்லாமல் உட்கார்ந்துவிட்டேன்.

தீர்மானம்: தலைமை ஆசிரியையின் இரக்க சுபாவத்தைக் கமிட்டி பாராட்டுகிறது. தோட்டக்காரியை நீக்குகிறது. இரண்டும் ஒரே வாக்கியத்தில்.

இதை எழுதாமல் தூங்க முடியாது: அவர்கள் பாராட்டியபோது ஒரு நொடி இனித்தது. ஒரு நொடி நானே நம்பினேன், ஏழைக்காகப் பழி ஏற்கிற நல்லவள் நான் என்று. அந்த நொடியில்தான் பஜ்ஜியை எடுத்துத் தின்றேன். வீட்டுக்கு வந்து கக்கினேன்.

ஆகஸ்ட் 15, சனி

பள்ளிக்கூடம் இல்லை. ஆபீஸ் அறையைத் திறந்து பள்ளிக் குறிப்பேட்டை எடுத்தேன். தடித்த புத்தகம், பக்க எண் அச்சிட்டது. கிழிக்கக் கூடாது, அடிக்கக் கூடாது. வருகிற அதிகாரிகள் கடைசிப் பதிவைப் படித்து அதன் கீழேதான் கையெழுத்துப் போடுவார்கள். 22-ஆம் தேதி துரைசாணியும்.

எழுதினேன், இங்கிலீஷில். புல்தரை நிறம் மாறிய காரணங்கள். ஜமக்காளம், ஐந்து நாள். மழுங்கிய கத்தி, ஒட்ட வெட்டியது. நாய், காரியதரிசியுடையது, தினமும். மீன் எரு, உப்புக் கழுவாதது, என் உத்தரவு. தோட்டக்காரி கன்னியம்மா மழைக்காலம் கழித்துப் போடச் சொன்னாள், அவள் சொன்னது சரி, நான் மீறினேன். ஒவ்வொன்றுக்கும் பரிகாரம். குழாய்த் தண்ணீர் வேண்டும் என்றும்.

இரக்கம் என்று வாசிக்க முடியாதபடி ஒரு பெயரடைகூடப் போடவில்லை. கையெழுத்து, தேதி. மை உலரும்வரை ஊதாமல் உட்கார்ந்திருந்தேன்.

ஆகஸ்ட் 17, திங்கள்

முதல் மணிக்கு முன்பே கா. குறிப்பேட்டைப் பிரித்துவிட்டார், வழக்கமாகக் கையெழுத்துப் போட. நின்றுகொண்டே வாசித்தார். பிறகு உட்கார்ந்து வாசித்தார்.

"இத அடிச்சிருங்க."

அடிக்கக் கூடாதென்று முதல் பக்கத்தில் அச்சிட்டிருக்கிறது என்றேன். திருத்தம் எழுதச் சொன்னார். திருத்த ஒன்றும் இல்லை என்றேன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"உப்பு போகட்டும். டைகர எதுக்கும்மா எழுதினீங்க?"

பாவம், அவர் குரல் உடைந்தது. நான் சிரிக்கவில்லை. வட்டங்களை எண்ணிப் பார்க்கலாம், பதினொன்று இருக்கிறது என்றேன்.

கணக்குப் பார்க்கத் தெரிந்த வியாபாரி. நீக்கியது ஒருத்தியை, குறிப்பேட்டில் தப்பு செய்தவளாக இருப்பது வேறொருத்தி. துரைசாணி கேட்டால் கமிட்டிதான் பதில் சொல்ல வேண்டும். பதினோரு மணிக்குச் சீட்டு வந்தது. தோட்டக்காரி மீதான தீர்மானம் ரத்து. குழாய்த் தண்ணீர் எடுத்துக்கொள்ளலாம். போகும்போது வாசலில் நின்று, ஹைஸ்கூல் ஆகிற பட்சத்தில் தலைமைக்கு வெளியிலிருந்தும் ஆள் பார்க்க வேண்டியிருக்கும் என்றார். தெரியும் என்றேன். ஆனாலும் மத்தியானம் சோறு இறங்கியது, பத்துப் பன்னிரண்டு நாளுக்குப் பிறகு.

இன்று நாய் வரவில்லை.

ஆகஸ்ட் 18, செவ்வாய்

காலை ஆறு மணி. குழாயில் தண்ணீர் நூலாக. சேலையைச் செருகிக்கொண்டு குடம் எடுத்துப் போனேன். கன்னியம்மா கடப்பாரையால் துளை போட்டுக்கொண்டிருந்தாள். அவள் போட்ட துளைகளில் நான் ஊற்றினேன். பழுப்பில் ஒரு மாற்றமும் இல்லை. சனிக்கிழமைக்குள் எதுவும் ஆகாது.

நான்காவது குடத்தில் சொன்னேன். நீ போக வேண்டாம், தீர்மானம் ரத்து, உண்மையைக் குறிப்பேட்டில் எழுதிவிட்டேன் என்று.

"எப்ப எய்தன?"

சனிக்கிழமை என்றேன். கடப்பாரையை ஊன்றி நின்று விரல் மடக்கினாள்.

"கருகனது திங்கக்கெழம. பொண்ண மூட்ட கட்ட சொல்லிட்டேன். அவ ராவும் பகலும் அயுதுகினு கீறா. அஞ்சு நாளு நீ இன்னா பண்ணிகினு இருந்தமா?"

கடிதம் எழுதிக் கிழித்துக்கொண்டிருந்தேன். குடம் இடுப்பில் கனத்தது. கொட்டகை வாசலில் முனியம்மா உட்கார்ந்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். கன்னியம்மா அந்தப் பக்கம் திரும்பிக் கை ஆட்டினாள், அவிழ் என்று. முனியம்மா தன் மடியில் இருந்த மூட்டையின் முடிச்சைப் பல்லால் கடித்து அவிழ்க்கத் தொடங்கினாள். இறுக்கிக் கட்டியிருக்கிறாள்.

கன்னியம்மா என் இடுப்பிலிருந்து குடத்தை வாங்கிக்கொண்டாள்.

"நாளைலேர்ந்து நீ புல்லாண்ட வராத. கொயா தண்ணிய மட்டும் நிறுத்தாம பாத்துக்க. மத்தத நான் பாத்துக்கறேன்."

சரி என்றேன்.